உறைக்குள் பதினான்கு சீட்டு

மணி 11.52.

உறையில் பதினான்கு சீட்டுகள் இருந்தன. பதினைந்து இருந்திருக்க வேண்டும்.

ஆர்டித் வோக்ன்சென் மறுபடி எண்ணினாள். பிறகு மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பதினான்குதான். உறையின் மேல் நீல மையில் கொட்டை எழுத்தில் '15' என்று எழுதியிருந்தது. ஒட்டிய உறையாகவே அவள் கைக்கு வந்தது. ஓரத்தைக் கத்தரியால் வெட்டித் திறந்ததும் அவள்தான்.

எழுபதுகளில் ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை அது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலம், ஹார்லோ கவுண்டி என்கிற மாவட்டம், உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடம். இன்று அந்தக் கூடம் இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஆனால் ஆர்டித்துக்கு இன்றும் கண்ணை மூடினால் போதும். மெழுகுபோட்ட மரத்தரை, ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை, பெரிய பாத்திரத்தில் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த காப்பி எல்லாம் வந்துவிடும். கைபேசி இல்லாத காலம். நீ யார் பக்கம் என்று தெரிய வேண்டுமானால், எழுந்து நடந்து, ஊரார் பார்க்க, அந்த மூலையில் போய் நிற்க வேண்டும். அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் பெரிய தலைகளின் பெயரைச் சொல்வார்கள். ஹார்லோ கவுண்டிக்காரர்கள் கூசாமல் 'நாங்கள்தான்' என்பார்கள். பிப்ரவரிப் பனியில் அக்கம்பக்கத்தார் கூடிப் பிரதிநிதிகளைப் பொறுக்கி அனுப்புவார்கள். அப்படி வந்த நூறு பேர் மார்ச்சில் இந்தக் கூடத்தில் அவரவர் வேட்பாளரின் மூலையில் நிற்பார்கள். அந்த நூறு பேரிலிருந்து ஏழு பேர் ஜூன் மாதம் தலைநகர் டெமாய்னில் நடக்கும் மாநில மாநாட்டுக்குப் போவார்கள். அங்கிருந்து சிலர் தேசிய மாநாட்டுக்கு. இப்படி வடிகட்டி வடிகட்டித்தான் ஒரு மனிதனுக்கு வேட்பாளர் பட்டம் கட்டுவது.

ஆள்பலத்துக்கு ஏற்ப அந்த ஏழு இடங்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை. நூறில் பதினைந்து பேராவது இல்லாத அணிக்கு இடம் கிடையாது. கலைந்து, ஒரு மணிக்குள் வேறு மூலைக்குப் போக வேண்டும். பிழைத்த அணியிலிருந்து ஒருவர் மனம் மாறிக் கலைந்த அணிக்கு வந்து எண்ணிக்கையை நிரப்பினால் மட்டும் உயிர் திரும்பும். விதிப் புத்தகத்தில் அப்படி இருந்தது. ஜெயிக்கிற பக்கத்திலிருந்து தோற்கிற பக்கத்துக்கு ஒருவர் நடந்து போய் ஆர்டித் பார்த்ததில்லை.

கவர்னர் வெல்டன் மூலையில் ஐம்பத்திரண்டு பேர். செனட்டர் கேரிக் மூலையில் முப்பத்துமூன்று. நாடாளுமன்ற உறுப்பினர் ப்ரோஃபியின் மூலையில் சரியாகப் பதினைந்து தலைகள். ஆனால் தலைக்கு மதிப்பில்லை. தன் வேட்பாளரின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட வெள்ளைச் சீட்டுக்குத்தான் மதிப்பு.

இல்லாத சீட்டு யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ப்ரோஃபி அணியின் தலைவர் மெர்ல் ஸ்டோல்ட்ஸுடையதுதான் அது. மெர்ல் கவுண்டியின் மாட்டுச் சந்தை ஏலக்காரர். முப்பது வருஷமாக இந்த ஊர் மாடு ஒவ்வொன்றும் அவர் வாய் வழியாகத்தான் கைமாறியிருக்கிறது. சீட்டுகளைச் சேகரித்து, எல்லார் காதிலும் விழ எண்ணி, உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டியவர் அவர். உறையைக் கூடத்தின் குறுக்கே மேசைக்குக் கொண்டுவந்தவள் டார்லின் க்வேட். அழகு நிலையம் வைத்திருப்பவள், வெல்டன் பக்கம் நிற்பவள்; எதிரணி ஆள்தான் உறையைச் சுமந்துவர வேண்டும் என்பது வழக்கம். மேசையில் ஆர்டித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வக்கீல் ஃபிட்ச், வெல்டன் அணியின் தலைவர்.

செய்தி கூடத்தைச் சுற்றிவர அதிக நேரம் ஆகவில்லை. ப்ரோஃபி மூலையிலிருந்து யாரோ டார்லினைப் பார்த்துத் திருடி என்றார்கள். அவளிடம் தலைமுடி சுருட்டிக்கொள்ளும் பெண்ணே அதைச் சொன்னாள்.

ஆர்டித் பிரதிநிதிகளின் தகுதியைப் பார்க்கும் குழுவின் தலைவி. சீட்டு திருடப்பட்டது என்று அவள் தீர்ப்புச் சொன்னால் அது உள்ளே இருந்ததாகவே கணக்கு, அணி பிழைக்கும். திருடப்படவில்லை என்றால் கலையும். அவளுடைய பிழைப்பும் அப்படிப்பட்டதுதான். ஆலங்கட்டி மழை, களஞ்சியத் தீ என்று காப்பீட்டுப் பணம் கேட்பவர்களின் வயலில் இறங்கி, எது நிஜம், எது புளுகு என்று பார்ப்பவள். கணவர் இறந்தபின் அந்த வேலையை எடுத்துக்கொண்டு பதினொரு வருஷம் ஆகியிருந்தது. பொய் சொல்லும் விவசாயியைச் சோளத்தட்டையை வைத்தே பிடித்துவிடுவாள்.

மணி 12.05. பொருள் வைக்கும் அறை. டார்லின் அழுது முடித்திருந்தாள்.

"உறையை வாங்கினதும் நேரா மேசைக்கு வந்தியா?"

"நடுவுல பலகார மேசைகிட்ட நின்னேன்."

"எதுக்கு?"

"ருபார்ப் பலகாரம் தீர்ந்துடும்னுதான். ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான் ஆர்டித், சத்தியமா."

"உறை அப்ப எங்க இருந்துச்சு?"

"கக்கத்துல."

"மெர்ல் எண்ணினதைப் பார்த்தியா?"

"எல்லாருமே கேட்டோம். சந்தையில எண்ணுற மாதிரி கடகடன்னு எண்ணினாரு. பதினஞ்சுன்னு முடிச்சாரு."

"பார்த்தியான்னு கேட்டேன்."

டார்லின் யோசித்தாள். அவர் எண்ணும்போது யார் கையைப் பார்ப்பார்கள் என்று திருப்பிக் கேட்டாள்.

ஆர்டித் உறையின் ஒட்டிய மடிப்பை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். பிரித்து மறுபடி ஒட்டிய உறைகளை அவள் தொழிலில் நிறையப் பார்த்தவள். காகிதம் சுருங்கியிருக்கும், பசை மங்கலாகத் தெரியும். இதில் அப்படி எதுவும் இல்லை. டார்லின் கக்கத்தில் வைத்திருந்த உறை பூட்டிய அறை மாதிரி இருந்தது. உள்ளே போன பொருள் வெளியே வர வழியில்லை.

மணி 12.14. வக்கீல் ஃபிட்ச் கோபப்படவில்லை. அவர் கோபத்தை நீதிமன்றத்துக்கு மட்டும் சேர்த்து வைப்பவர். காகிதக் கைக்குட்டையில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"என் ஆளுங்க அம்பத்திரண்டு பேர். ஏழுல எனக்கு நாலு இடம். ப்ரோஃபி இருந்தாலும் நாலு, இல்லாட்டியும் நாலு. இந்தச் சீட்டைத் திருடி நான் என்னத்தைக் கண்டேன்?"

"அப்ப லாபம் யாருக்கு?"

"கோபத்துல இருக்கிற அந்தக் கும்பல் என் பக்கமா வரும்? நேரா கேரிக் மூலைக்குத்தான் போகும். அவங்களோட ரெண்டு இடம் மூணாயிடும்."

கணக்கு சரியாக இருந்தது. ஆனால் கேரிக் ஆட்கள் ஒருவர்கூட அந்த உறையின் பக்கம் வரவில்லை.

மணி 12.22. மெர்ல் உட்கார மறுத்துவிட்டார். புதுத் தொப்பி ஒன்றைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். ஜூனில் டெமாய்ன் போவதற்காக வாங்கியது என்று குளிர்காலம் முழுக்க ஊரில் சொல்லிக்கொண்டிருந்த தொப்பி. ஹோட்டலில் அறைகூடச் சொல்லி வைத்திருந்தார்.

"சீட்டுல கையெழுத்துப் போட்டீங்களா மெர்ல்?"

"மொத சீட்டே என்னுதுதான்."

"டெமாய்ன் போக மனு?"

"அதெல்லாம் காலையிலேயே பெட்டியில போட்டாச்சு. இப்ப அதுக்கென்ன?" தொப்பி சுழல்வது நின்றது. "இங்க பாரு ஆர்டித், இதைக் கிளறி ஒண்ணும் ஆகப்போறதில்ல. டார்லினைப் போட்டு வாட்டாதே, பாவம். மணி ஆகுது. என் ஆளுங்களைக் கூட்டிட்டு கேரிக் பக்கம் போயிடறேன். ஃபிட்ச்சுக்கு ஒரு பாடமாவது கிடைக்கும்."

அவர் போனபின் ஆர்டித்துக்கு எதுவோ உறுத்தியது. ஆலங்கட்டியில் நிஜமாகவே பயிரை இழந்தவன் அவளை வயலைவிட்டுப் போகவே விடமாட்டான். இதைப் பார், அதைப் பார் என்று இருட்டும்வரை இழுத்தடிப்பான். பொய் சொல்பவன்தான் கதவுவரை வந்து வழியனுப்புவான்.

களஞ்சியத் தீயிலும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எரிந்ததை அவள் முதலில் பார்ப்பதில்லை. எரியாமல் தப்பியதைப் பார்ப்பாள். தீப்பிடிப்பதற்கு முன்தினம் நல்ல சேணமும் பாட்டனாரின் கடிகாரமும் வீட்டுக்குள் குடிபோயிருந்தால், தீக்குச்சி யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

மணி 12.35. கூடத்துக்குத் திரும்பினாள். மேடைக்குப் பக்கத்தில் மூன்று மரப்பெட்டிகள் இருந்தன, அணிக்கு ஒன்று. டெமாய்ன் போக ஆசைப்படுகிறவர்கள் தங்கள் அணியின் பெட்டியில் மனு போட வேண்டும். பிற்பகலில் அந்தந்த அணி தன் பெட்டியைத் திறந்து, மனு போட்டவர்களில் தனக்குக் கிடைத்த இடங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும். பெட்டிகளைச் சரியாக 11.30க்கு, சீட்டு எண்ணுவதற்குக் கால் மணி முன்னால், ஆர்டித்தே மூடி நாடா ஒட்டுவாள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் மனு செல்லாது. இந்த விஷயத்தில் அவள் பெற்ற தாய்க்கும் சலுகை தரமாட்டாள் என்பது ஊரறிந்தது. மூடும்போது மனுக்களை விரித்துப் பார்க்காமல் எண்ணிக் கரும்பலகையில் எழுதுவது வழக்கம்.

பலகையில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. வெல்டன் 9. கேரிக் 6. ப்ரோஃபி 1.

ஒரு மணி நேரமாக நூறு பேர் கண்ணெதிரே இருந்த எண்ணிக்கை அது. எழுதிய அவளும் படிக்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மணி 12.41. லவோன் ருஷ்காவை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். லவோன் இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாகப் பன்றிக்கறி நறுக்கும் வரிசையில் நிற்பவர். ஆலையை அந்தக் கோடையில் மூடப்போவதாக அறிவித்திருந்தார்கள். ஜனவரிப் பனியில் ஆலை வாசலுக்கு வந்து நின்ற ஒரே வேட்பாளர் ப்ரோஃபி. டெமாய்ன் மேடையில் ஏறி ஆலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும், கட்சி அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் லவோனின் ஆசை. காலையில் அவர் மனு எழுதப் பேனா கொடுத்ததும், அது ப்ரோஃபி பெட்டியில் விழுந்ததைப் பார்த்ததும் ஆர்டித். அந்த அணிக்கு ஒரு இடம் கிடைத்தால் அது லவோனுக்குத்தான் என்பதில் அந்த மூலையில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆர்டித் அவரிடம் ஒளிக்கவில்லை. என்ன நடந்தது என்று தனக்குத் தெரியும் என்றாள். அதைச் சொன்னால் டார்லின் பெயர் தப்பும், ஆனால் அந்தச் சீட்டு உறைக்குள் போகவே இல்லை என்றும் ஆகிவிடும், அணி கலையும். வாயை மூடிக்கொண்டு 'திருட்டு' என்று மட்டும் எழுதினால் அணி பிழைக்கும். லவோன் டெமாய்ன் போகலாம். டார்லின் இந்த ஊரில் கடையைத் திறக்க முடியாது.

ஏன் அதை லவோனிடம் கேட்டாள் என்று ஆர்டித்துக்கே பின்னால் புரியவில்லை. தன் பாரத்தில் பாதியை அவர் தலையில் வைத்தது தப்புதான்.

லவோன் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"டார்லின் தலையில பழியைப் போட்டு எனக்கு ஒரு நாற்காலி வேண்டாம். போய்ச் சொல்லு."

வராந்தாவின் கோடியில், குடிநீர்க் குழாயடியில், டார்லின் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இருவரும் அவளைக் கவனிக்கவில்லை.

மணி 12.48. ஆர்டித் ஒலிபெருக்கி முன் நின்றாள்.

"டார்லின் எதையும் எடுக்கல. உறையை யாரும் பிரிக்கல. பதினஞ்சாவது சீட்டு அதுக்குள்ள போகவே இல்ல."

கூடம் இரைந்தது. மெர்ல் முன்னால் வந்தார்.

"நான் எண்ணினதை எல்லாரும் கேட்டாங்களே ஆர்டித்."

"கேட்டாங்க. யாரும் பார்க்கல. முப்பது வருஷமா உங்க வாயைக் கேட்டே மாடு வாங்கின ஊர் இது. பதினாலு சீட்டைக் கையில வச்சுட்டு வாயால பதினஞ்சு எண்ணிட்டீங்க."

"என் சீட்டையே நான் எதுக்கு விடணும்? அணித் தலைவனே நான்தான்."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். டெமாய்ன் போக மனு போட்டாச்சுன்னு சொன்னீங்க. ப்ரோஃபி பெட்டியில இருக்கிறது ஒரே மனு. அது லவோனோடது, நான் கண்ணால பார்த்தேன். அப்ப உங்களோடது எந்தப் பெட்டியில இருக்கு மெர்ல்?"

கேரிக் அணியின் தலைவர், மருந்துக்கடைக்காரர், திடீரென்று தன் ஷூவைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். ஆர்டித் எல்லார் முன்னிலையிலும் கேரிக் பெட்டியின் நாடாவைக் கிழித்தாள். மூன்றாவது மனு மெர்ல் ஸ்டோல்ட்ஸ் என்ற பெயரில், உறையில் இருந்த அதே நீல மையில், அதே கொட்டை எழுத்தில் இருந்தது.

மீதியை அவள் சுருக்கமாகச் சொன்னாள். ப்ரோஃபி அணி பிழைத்தால் அதன் ஒரே இடம் லவோனுக்கு. கலைந்து, மொத்தமும் கேரிக் பக்கம் போனால் அங்கே மூன்றாவது இடம் முளைக்கும்; அதை மெர்லுக்குத் தருவதாக மருந்துக்கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். வெளிப்படையாக அணி மாறினால் மெர்ல் துரோகி, பின்னால் ஒரு ஆள் வரமாட்டான். சீட்டைப் பறிகொடுத்தவராக நின்றால் கோபத்தோடு எல்லாரும் பின்னால் போவார்கள். ஆனால் மனுப் பெட்டி 11.30க்கு மூடிவிடுமே. அணி சாவதற்குக் கால் மணி முன்பே அதன் தலைவர் அடுத்த வீட்டில் தன் சாமான்களை இறக்கியாக வேண்டியிருந்தது.

"யாருக்கு லாபம்னே பார்த்துட்டு இருந்தோம்," என்றாள் ஆர்டித். "தீப்பிடிக்கும் முன்னாடி யார் எதை வெளியே எடுத்து வச்சாங்கன்னு பார்க்கல."

மெர்ல் தொப்பியை நாற்காலிமேல் வைத்தார். ஏலக்காரரின் குரல் அவரிடம் மிச்சமில்லை.

"நாலு தடவை. நாலு மாநாட்டுக்கும் இவங்களை என் வண்டியில ஏத்திட்டு வந்தது நான். நாலு தடவையும் வேற யாரையோ தேர்ந்தெடுத்து அனுப்பினாங்க. ஒரு தடவையாச்சும் 'மெர்ல், நீ போய்ட்டு வா'ன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அது உண்மை. ஆர்டித்துக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிடம் பாதியாகக் குறைந்தது. டார்லினை நினைத்ததும் மறுபடி ஏறிக்கொண்டது.

வக்கீல் ஃபிட்ச் தொண்டையைச் செருமினார். அப்படியானால் ப்ரோஃபிக்கு இருப்பது பதினான்கு சீட்டுதான் என்றும், விதிப்படி அணி கலைகிறது என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது. ஆலை ஆட்கள் கோட்டுகளை எடுக்கத் தொடங்கினார்கள். லவோன் சுவரில் ஒட்டியிருந்த ப்ரோஃபியின் பெயர் அட்டையைக் கிழியாமல் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி 12.57. டார்லின் மேசைக்கு வந்து, இரண்டாம் சுற்றுக்கான மஞ்சள் சீட்டு ஒன்றைக் கேட்டாள். ஆர்டித் காரணம் கேட்காமல் கொடுத்தாள். டார்லின் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஐம்பத்திரண்டு பேர் நின்ற மூலையைத் தாண்டி, மரத்தரையில் குதிகால் ஒலிக்க, கூடத்தின் குறுக்கே நடந்தாள். ஒரு மணி நேரம் முன்பு அவளைத் திருடி என்றவள் வழிவிட்டு விலகினாள். ஃபிட்ச் அவசரமாகக் காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டார். ஐம்பத்தொன்றுக்கும் நாலு இடம்தான் என்று தெரிந்ததும் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

பின்னால் நடந்தவை எல்லாருக்கும் தெரியும். மே மாதம் ப்ரோஃபி போட்டியிலிருந்து விலகினார். ஜூனில் லவோன் டெமாய்னில் இரண்டு நிமிடம் பேசினார், கைதட்டினார்கள். ஆகஸ்டில் ஆலையை மூடினார்கள். ஆனால் 12.58க்கு அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் இதில் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் நடந்திருப்பாள் என்றுதான் ஆர்டித் இன்றுவரை நம்புகிறாள்.

லவோன் பாதி பிரித்த அட்டையைப் பிடித்தபடி நின்றார்.

"உனக்கு ப்ரோஃபியைக் கண்டாலே ஆகாதே, டார்லின்."

"இப்பவும் ஆகாது," என்றாள் டார்லின். "என் பேருக்காக நீங்க டெமாய்னையே விட்டீங்க. நான் இருபது அடி நடக்க மாட்டேனா?"

அவள் மஞ்சள் சீட்டை லவோன் கையில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் நின்றாள்.